முக்காலே வீசம்

குத்புதீன் பட்டறையில்
பழைய தினத்தாள் மேல் மூன்று சிலிண்டர்கள்
கையில் இன்னும் பெயர் கட்டாத
பிள்ளைகள் போலக் கிடந்தன.

ஒன்றுதான் என் ஃபியட்டுக்குள் போகும்.
எழுபத்திரண்டாம் வருஷத்து வண்டி,
சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியது.
இப்போது அதன் நெஞ்சில் எஸ்டீம் எஞ்சின்,
முன்சக்கரங்களில் ஜென்னின் டிஸ்க்,
பின்னால் மட்டும் பிறந்தபோதிருந்த டிரம்.
ஓடக் கற்றுக்கொண்டது.
நிற்கத்தான் வரவில்லை.

போன மாதம் போட்ட சிலிண்டர்
முக்காலே மூணு வீசம் இஞ்ச்.
"பெடலு கல்லு மாரி கீது பாரு சிஸ்டர்"
என்றார் குத்புதீன்.
"பெருசு போட்டாத்தான் பவரு"
என்றான் தம்பி இன்னாசி,
ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறவன்.

கல்தான்.
கல்லை மிதித்தால் கால்தான் நோகும்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிய ஒரு சாயங்காலம்
சீட்டிலிருந்து எழுந்தே மிதித்தேன்.
வண்டி
முக்காலே மூணு வீசம் நின்றுவிட்டது.
மிச்சம் ஒரு வீசம்
மீன்பாடி வண்டியின் பின்பலகையில்.
சிதறிய சங்கராவுக்கு
எண்ணூற்றைம்பது எண்ணிக் கொடுத்தேன்.
வாங்கிய திட்டை எண்ணவில்லை.

இன்றைக்கும் அவர்கள் இருவரும்தான் பேசுகிறார்கள்.
பூஸ்டர் மாட்டலாம் என்கிறான் இவன்.
எங்கே மாட்டுவ, உன் தலையிலயா என்கிறார் அவர்.
பேடை மாற்றலாம், பெடலை நீட்டலாம்,
டீ சொல்லலாம்.
என் காலைப் பற்றி மட்டும்
யாருக்கும் அபிப்பிராயம் இல்லை.

நாற்பத்தெட்டு கிலோ நான்.
பிரசவ வார்டில் இரவெல்லாம் நின்று
நரம்பு சுருண்ட கெண்டைக்காலோடு
விடியலில் வந்து மிதிக்கிறவள்.

கைப்பையில் இரண்டு சிரிஞ்ச் இருந்தன,
இரண்டு மில்லி ஒன்று, இருபது மில்லி ஒன்று.
டீக்கடைத் தண்ணீரை இழுத்து
இன்னாசியிடம் நீட்டினேன்.
நுனியை விரலால் அடைச்சிக்கினு அமுக்குடா.
பெரியது அவன் விரலுக்கு அடங்கியது.
சின்னது
விரலை மீறி அவன் மூக்கிலேயே பீய்ச்சியது.
குத்புதீன் சிரிக்கவில்லை.
சின்ன சிரிஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"ஆனா தண்ணி தம்மாத்தூண்டுதானே சிஸ்டர்."

அதுவும் உண்மை.
பழைய முக்கால் இஞ்ச் டிரம்முக்குப் போதும்,
டிஸ்க்கின் வயிறு அதற்கு மேல் கேட்கும்.
பெடல் தரையைத் தொட்டுவிடும்.
ஸ்க்ரூ டிரைவர் நுனியால்
நடுவில் கிடந்ததைத் தள்ளினார்.
முக்காலே வீசம்.
ரெட்டை அறை.
ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும்.

இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?

"மிதிக்கிறது யாருன்னு
தம்பி சொல்லவே இல்லியே."

ராத்திரி ஒன்பதுக்குக் காற்று எடுத்தோம்.
வண்டிக்கடியில் அவர், பாட்டிலில் டியூப்.
மேலே நான்.
"மிதி... மிதி... புடி. விடாத.
ஆங், இப்ப விடு. மூச்சு வாங்கிக்க."
பதினேழு வருஷமாக இதையே
நான் யார் யாருக்கோ சொல்லியிருக்கிறேன்.
எனக்கு இதுவரை
யாரும் சொன்னதில்லை.
குமிழி நின்றது.
கடைசியில் ஆயில் மட்டும் வந்தது,
தேன் நிறத்தில், சத்தமில்லாமல்.

விடிவதற்கு முன் எண்ணூர் சாலை.
இரு பக்கமும் கன்டெய்னர் லாரிகள்
தூங்குகின்றனவா வரிசையில் நிற்கின்றனவா என்று
சொல்ல முடியாத நேரம்.
எதிர்பாராமல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.
பாதம் இரண்டு விரற்கடை இறங்கி
எதையோ தொட்டு
அதற்கு மேல் கேட்காமல் நின்றது.
வண்டியும்.

பக்கத்து சீட்டில் இன்னாசி
ரெண்டு காலாலும்
தரைவிரிப்பை மிதித்துக்கொண்டிருந்தான்.
அந்தப் பக்கம்
சிலிண்டரே இல்லை.