கூட்டல் குறி

ஓர் அறைக்குக் கராஜ் என்று பெயர் கொடுத்தவுடன்
மென்பொருள் அதைத் தானாகவே கீழே இறக்கிவிடுகிறது.
பதினெட்டு அங்குலம்.
என்னை யாரும் கேட்கவில்லை.
எங்கோ பனி பெய்யும் ஊரில் யாரோ முடிவெடுத்தது:
புகை வீட்டுக்குள் ஏறக்கூடாது,
ஒழுகிய எண்ணெய் வெளியே போகவேண்டும்,
வண்டி ஒரு படி தாழ்ந்து நிற்கவேண்டிய விருந்தாளி.

லிங்கநகர் அறையில், மின்விசிறிக்குக் கீழே,
கழித்தல் குறியை அழித்து அழித்துப் பார்க்கிறேன்.
பூச்சியம் போட்டால் பக்கக் கதவின் படிகள்
சொல்லாமல் கொள்ளாமல் காணாமற்போகின்றன.
மைனஸ் ஆறு போட்டால் சுவர் அந்தரத்தில் நிற்கிறது,
அடியால் பச்சைப் புல் தெரிகிறது.
அலஸ்தோட்டத்தில் ஏது இந்தப் பச்சை?
அங்கே மணலும் அடம்பன் கொடியும்தான்.
ஒருமுறை, ஒரே ஓர் அறையைத் தொட்டதற்கு
முழு வீடும் கோபித்துக்கொண்டு எழும்பியது.

வில்வராசா ஐயா தொலைபேசியில்.
சீனக்குடா மா ஆலையில் முப்பத்தொரு வருடம்
லொறிகளை நிறுத்து நிறுத்து அனுப்பியவர்.
எண்களுக்குப் பயப்படாதவர்.

"பிள்ளை, கராஜ் எவ்வளவில வைச்சிருக்கிறியள்?"
"ஒண்டரை அடி பதிவா, ஐயா."
"மேல வையுங்கோ."
"வீட்டு மட்டத்துக்கோ?"
"அதுக்கும் மேல. மூண்டடி."

சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.
வீட்டைவிட உயரத்தில் காரா?
அதுவும் கார் இல்லாத மனிதருக்கு.
இறக்குமதி நின்றிருந்த வருடங்களில்
விலை கேட்டுக் கேட்டே ஓய்ந்து,
மகளின் பழைய லேடீஸ் சைக்கிளில்
மீன் வாங்கப் போகிறவருக்கு.

அவர் சிரிக்கவில்லை. எடை வாசிப்பதுபோலச் சொன்னார்:
"அண்டைக்கு எங்கட வான் நிண்டது பதிவில.
முதல் தண்ணி முழங்காலளவுதான், பிள்ளை.
ஆறு பேரும் ஏறி இருந்திட்டம்.
சாவியைத் திருப்புறன், திருப்புறன்."

பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்,
அவருடையதா என்னுடையதா தெரியவில்லை.

"ரெண்டாவது தண்ணிக்குப் பிறகு நாலு பேர்."

எந்த இருவர் என்று நான் கேட்கவில்லை.
கூட்டல் முப்பத்தாறு என்று தட்டினேன்.
கூரை முறைத்தது. கதவு தலைகீழாய் எச்சரித்தது.
படிகள் வந்தன, மறுபக்கம் பார்த்தபடி:
குசினியிலிருந்து காருக்கு ஏறிப்போகும் ஆறு படிகள்.
வீட்டுத் தரை வீதியிலிருந்து இரண்டடி,
அதன்மேல் இந்த மூன்று.
ஐந்தடி ஏற நாற்பதடிச் சரிவு வேண்டும்,
காணியின் முன்பக்கம் இருப்பதோ முப்பத்திரண்டு.
வேம்பைச் சுற்றி வளைத்தேன்.
வேம்பு தன் பங்குக்கு ஒரு கிளை கேட்டது, கொடுத்தேன்.

கடைசியில், பிளானுக்குத் தேவையே இல்லாமல்,
பட்டியலிலிருந்து ஒரு காரை இழுத்து உள்ளே நிறுத்தினேன்.
இடப்பக்க ஸ்டியரிங். மாற்ற முடியவில்லை.
முகத்தை மட்டும் வீதிப்பக்கம் திருப்பிவைத்தேன்.
ரிவர்ஸ் எடுக்க நேரம் இராது.

பிரதேச சபையில் சிவப்பு மையால் வட்டம் போட்டார்கள்:
'கழித்தல் குறி விடுபட்டுள்ளது. திருத்தித் தருக.'
கூட்டல் குறியைப் பேனாவால் தடிப்பாக்கி,
பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.
மூன்றாம் முறை போனபோது
ஓர் அலுவலர் வட்டத்தை நெடுநேரம் பார்த்தார்.
"எங்க, அலஸ்தோட்டமா?" என்றார்.
முத்திரை குத்தினார்.

மார்கழி மழைக்கு முன் கிரவல் கொட்டினார்கள்.
அந்த மேட்டில் முதலில் குடியேறியது ஒரு புள்ளிமான்,
இரவில் வந்து படுத்து
விடிய, வேலியோரத்துப் பாலித்தீனை மென்றபடி போய்விடும்.

கிண்ணியாவிலிருந்து வந்த ஹிபதுல்லா பாஸ்
தண்ணீர்க் குழாயின் ஒரு முனையை என்னிடம் தந்தார்.
நீர் இரு பக்கமும் அலைந்து, தயங்கி, நின்றது.
"முப்பத்தாறா?"
"ஓம், பாஸ். பிழையில்லை."
அவர் தாளைப் பார்க்கவில்லை.
சவுக்கு மரங்களுக்கு அப்பால்
சத்தம் மட்டும் வரும் பக்கம் ஒருதரம் பார்த்தார்.
பென்சில் கோட்டை முப்பத்தெட்டில் இழுத்தார்.
"ரெண்டு அங்குலம் சும்மா கிடக்கட்டும்."

அன்றிரவு கோப்பைத் திறந்து எண்ணை மாற்றினேன்.
வீடு எழும்பவில்லை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.
ஒரு படி மட்டும்
தானாகவே கூடிக்கொண்டது.