குறைந்தபட்சக் கட்டணம்

பினாங்கு, 1947

நகராண்மைக் கழகத்தின் காக்கிச் சட்டை எனக்கு.
கையில் தடித்த பேரேடு, காதில் பென்சில்.
பேராக் ரோடு தொடங்கி சுங்கை பினாங்கு வரை
வீட்டுக்கு வீடு மீட்டர் வாசிக்கிறேன்,
பெரும்பாலும் ஓடாத மீட்டர்களை.
போன மாதம் நானூற்றுப் பன்னிரண்டு.
இந்த மாதமும் நானூற்றுப் பன்னிரண்டு.
ஓடாததையும் எழுதினால்தான் சம்பளம்.

பிறையில் கொதிகலன் ஒன்று செத்துக் கிடக்கிறது.
இன்னொன்றுக்கு மூச்சு வாங்குகிறது.
உதிரிப் பாகம் கப்பலில் வருகிறதாம்.
எந்தக் கப்பல் என்று கேட்டால்
துரை ஜன்னலைப் பார்க்கிறார்.
கொடி வந்தது, பாண்டு வாத்தியம் வந்தது,
அரிசிக் கார்டுக்குப் புது நிறம் வந்தது.
கடற்கரை மணிக்கூண்டு
குண்டு விழுந்த நாளில் சாய்ந்த சாய்வோடு
நேரத்தை மட்டும் சரியாகச் சொல்கிறது.

"இன்னிக்கு எத்தனை மணிக்குய்யா?"
போகிற இடமெல்லாம் என்னைத்தான் பிடிக்கிறார்கள்.
காப்பிக் கடை ஆ செங்
பால் டின்னைக் கவிழ்க்காமல் கையில் வைத்துக்கொண்டு
பதிலுக்குக் காத்திருக்கிறான்.
நானென்ன, கம்பிக்குள்ளேயா குடியிருக்கிறேன்?

ஜப்பான்காரன் காலத்தில் வெளிச்சம் குற்றம்.
கண்ணாடிக்குக் கரி பூசினோம்.
தீக்குச்சி கிழித்ததற்குக்
கன்னத்தில் வாங்கியவன் நான்.
இப்போது கரியைச் சுரண்டிவிட்டு
உட்கார்ந்திருக்கிறோம்,
நகக்கண்ணில் கறுப்போடு.

ஏழாம் லைன், பதினெட்டாம் எண்.
பேரேட்டில் பெயர்: மு. காத்தலிங்கம்.
கதவைத் திறப்பவள் வள்ளிக்கண்ணு.
அவள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.
நாற்பத்து மூன்றில்
சயாமுக்குத் தண்டவாளம் போடப் போனவர் காத்தலிங்கம்.
அந்த லைனிலிருந்து பதினோரு பேர்.
இரண்டு பேர் திரும்பினார்கள்.
ஒருவன் பேசுவதில்லை.
மற்றவன் கேட்பவருக்குத் தகுந்தாற்போல் பேசுகிறான்.

மாதம் ஒன்றரை வெள்ளி,
எரியாத விளக்குக்கு.
மரவள்ளி அவித்து விற்ற ஈரக் காசுகளை
என் உள்ளங்கையில் எண்ணி வைக்கிறாள்.
"கட்டலேன்னா கம்பிய அறுத்துடுவீங்களே."
அறுப்போம். உண்மைதான்.
ஒருமுறை காசோடு காசாக
வாழைமர நோட்டு ஒன்று வந்துவிட்டது.
இருவரும் சிரித்தோம்.
அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

மார்ச்சில் சுற்றறிக்கை.
பெயருக்குரியவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.
இறந்திருந்தால் இறப்புச் சான்று.
இரண்டும் இல்லையேல் இணைப்பு துண்டிக்கப்படும்.
சயாம் காட்டில் எந்த மூங்கில் கையெழுத்துப் போடும்?
அவள் அப்படிக் கேட்கவில்லை.
நான்தான் திரும்பும் வழியெல்லாம்
சைக்கிளிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.
அவள் கேட்டது இது:
"சான்று வாங்கிட்ட பிறகு அவரு வந்தா
திருப்பி எடுத்துக்குவாங்களா?"

அன்று எழுதினேன்: கதவு பூட்டியிருந்தது.
ஏப்ரல்: கதவு பூட்டியிருந்தது.
மே.
ஜூனில் நல்ல மழை.
உள்ளே உட்காரச் சொல்லி
சர்க்கரை இல்லாத காப்பி கொடுத்தாள்.
பேரேடு நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு
அங்கேயே எழுதினேன்: கதவு பூட்டியிருந்தது.
அவளுக்குப் படிக்கத் தெரியும்.
ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம்
சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் வந்தது.
பதினோரு நிமிஷம்.
லைன் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல்.
யார் வீட்டிலோ ரேடியோ
பாதி வாக்கியத்தில் கண் விழித்தது.
நான் பதினெட்டாம் எண் மீட்டர் முன் நின்றிருந்தேன்.
சக்கரம் அசைந்தது.
சிவப்புக் கோடு வந்து போனது, வந்து போனது,
அடுத்த சுற்றில் பாதி வழியில் நின்றது.
எண் மாறவில்லை.
பதினோரு நிமிஷத்துக்கு ஒரு யூனிட் ஆகாது.

அத்தனை நேரமும் அவள்
விளக்கை நிமிர்ந்தே பார்க்கவில்லை.
அதன் நேர் கீழே முறத்தோடு உட்கார்ந்து
பங்கீட்டு அரிசியில் கல் பொறுக்கினாள்,
விரல்கள் தெரியாத வேகத்தில்.

"எட்டுக் கல்லு" என்றாள்
இருட்டுக்குள்ளிருந்து.