மற்றும் ஒருவர்

காலாக்ஸ் ஊரில் பழைய சாமான் கடையொன்றில்
ஆறு டாலருக்கு வாங்கிய இசைத்தட்டு
என் மடியில் பயணம் செய்கிறது.
வேனில் அதைச் சுழற்றக் கருவி கிடையாது.
ஆனாலும் பின்னால் போட மனம் வரவில்லை.
அங்கே ஆம்ப்ளிஃபயர், ட்வைலாவின் அழுக்குத்துணி மூட்டை,
விற்காத டி-ஷர்ட் எழுபத்திரண்டு,
அத்தனையும் எக்ஸ்ட்ரா லார்ஜ்.

லேபிளில் தங்க எழுத்து தேய்ந்திருக்கிறது.
பாட்டு: கிரேடி மெல்டன்.
அதற்குக் கீழே, எறும்பு அளவில்,
பாஞ்சோ: மற்றும் ஒருவர்.

கடைக்காரர் ஒரே ஒரு முறை ஓட்டிக் காட்டினார்.
மெல்டனின் குரல் மூக்கில் பிறந்து
மூக்கிலேயே ஓய்வு பெற்றது.
ஆனால் அந்த மற்றும் ஒருவரின் கட்டைவிரல்!
ஐந்தாம் தந்தியை அது தொட்ட விதம்,
கதவைத் தட்டிவிட்டு
திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிற ஆள்.

அப்படித் தட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.
கப்பலின் அடித்தளத்தில்
கையில் எதையும் கொண்டுவர விடவில்லை,
விரல்கள் மட்டும் சோதனைக்குத் தப்பின.
கரையேறி, சுரைக்குடுக்கை தேடி,
அதன்மேல் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டி
மறுபடி தட்டினார்கள்.
அதற்குப் பிறகுதான் மலை,
அதற்குப் பிறகுதான் தொப்பி,
அதற்கும் பிறகுதான் கன்ட்ரி என்றொரு அலமாரி,
அலமாரிக்கு ஒரு பூட்டு.

ட்வைலாவிடம் இதைச் சொல்லவில்லை.
கென்டக்கிக்காரி, நிலக்கரி ஊர்,
அவளுக்கே தெரியும்.
தெரியும் என்பதால் சில மைல்கள்
பேசாமல் ஓட்டுவாள்.

எண்பத்தொன்றாம் நெடுஞ்சாலையில் மழை.
வைப்பர் ஒன்றுதான் வேலை செய்கிறது,
அதுவும் மூன்று எண்ணிக்கைக்கு ஒருதரம்.
"இதுக்கு ஒரு வால்ட்ஸ் போடலாம்" என்கிறாள்.
போட்டோம், அபிங்டன் வரும்வரை.
இரண்டாவது அடி மட்டும் அகப்படவில்லை.
லாரி ஒன்று தண்ணீரை வாரி அடித்துப் போனதில்
முதலாவதும் மறந்துவிட்டது.

பிரிஸ்டலில் நடுத்தெருவில் பித்தளை வில்லைகள்,
இந்தப் பக்கம் வர்ஜீனியா, அந்தப் பக்கம் டென்னசி.
முன்னொரு கோடையில் மைக் ஒன்றை நிறுத்தி
மலைக்காரர்களை வரிசையில் பாடவைத்த கட்டடம்
இப்போது இல்லை. அந்த இடத்தில் கார்கள்.
ட்வைலா தொப்பியைக் கழற்றினாள்.
கழற்ற என்னிடம் எதுவும் இல்லை,
பாஞ்சோப் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

நூலகத்தில் மெல்டனுக்கு ஒரு கோப்பு இருந்தது,
சலவைக் கடை ரசீது வரை பத்திரமாக.
ஒலிப்பதிவுக் கூலிச்சீட்டில் இரண்டு வரி.
முதல் வரியில் வால் சுழித்த கையெழுத்து.
இரண்டாவதில் ஒரு பெருக்கல் குறி.
எழுதத் தெரியாது என்று அர்த்தமா,
யாரும் பெயரைக் கேட்கவில்லை என்று அர்த்தமா,
நூலகருக்கும் சொல்லத் தெரியவில்லை.
நகலெடுக்க இருபது சென்ட் ஆனது.
கணக்கு நோட்டில் எழுதினேன்:
பெட்ரோல் ஐம்பத்தெட்டு,
தந்தி ஒரு செட் ஒன்பது,
ஆள் தேடிய வகையில் இருபது சென்ட்.

இரவு கிரீன்வில்லில் மதுக்கடை.
வாசலில் கரும்பலகை:
இன்று ட்வைலா கோம்ப்ஸ் + 1.
அதற்கடியில், பீர் மூன்று டாலர்.

ட்வைலாவின் காதுவரை சிவந்துவிட்டது.
மேனேஜரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் வேகத்தில்
உள்ளே பாய்ந்தாள்.
எனக்கோ சிரிப்பு, அடக்கவே முடியவில்லை.
கூட்டல் குறியை லேசாகச் சாய்த்தால்
பெருக்கல் குறிதானே.
"சண்டை வேண்டாம்டி" என்று கத்தினேன்,
"சாக்பீஸ் மட்டும் வாங்கிக்கிட்டு வா."

இமோஜீன் லவோனியா ஹேர்ஸ்டன், பாஞ்சோ.

நீளமான பெயர்தான். வரி போதவில்லை.
பீர் விலையை
அழிக்க வேண்டியதாயிற்று.