மஸ்கெலியாவில் இருபது விநாடி

எங்களிடம் இருப்பது
நாலு ஸ்பீக்கர், ஒரு மிக்சர், எழுத்துத் தேய்ந்த லேப்டாப்,
பின்கதவைக் கயிற்றால் கட்டிய துமிந்தவின் லொறி.
அவன் ஓட்டுவான், ஒயர் இழுப்பான்.
நான் போடுவேன்.
"பொம்பளப் புள்ளையா டீஜே?" என்பவர்களுக்கு
துமிந்த தனக்குத் தெரிந்த தமிழில் சொல்வான்:
"நான் ஒயர் மட்டும்."

ஒரே மலைதான்.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் காது மாறுகிறது.

நுவரெலியாவில் ஏப்ரல்.
ஏரிக்கரைக் கூடாரத்தில் கொழும்புக்காரர்கள்
நூற்றிருபதைத் தாண்ட விடமாட்டார்கள்.
ஜாக்கெட் சிப்பைத் தாடைவரை இழுத்துக்கொண்டு
பேசியபடியே ஆட ஒரு ஹவுஸ் வேண்டும்.
பாஸ் நெஞ்சைத் தொடலாம்,
கிளாஸில் இருப்பதைச் சிந்தக் கூடாது.

அதே ஹவுஸ் வெலிமடையில்
பைலா கலக்காமல் போனால்
உருளைக்கிழங்கு முதலாளி மேடைக்கே ஏறி
போனை நீட்டுவார்.

பண்டாரவளைப் பையன்கள் டப்ஸ்டெப் கேட்பார்கள்.
ஆட மாட்டார்கள்.
சப்-ஊஃபருக்குள் தலையை விட்டபடி
யார் வேனில் எத்தனை வாட்ஸ் என்று சண்டை.

மஸ்கெலியா வேறு.
லயத்துக் கல்யாணம், தறப்பாள் பந்தல்,
நூற்றைம்பதில் தொடங்கினால்தான் தொடக்கம்.
குத்துக்குள் ஒரு டெக்னோ கிக்கை ஒளித்து வைப்பேன்,
வாழைப்பழத்துக்குள் மாத்திரை மாதிரி.
விழுங்கிவிட்டு இன்னும் ஆடுவார்கள்.
ஆனால்
அடியை உருவி எடுத்துவிட்டு
மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போகிற அந்த இடம்,
அதை மட்டும் தாங்க மாட்டார்கள்.
எண்ணியிருக்கிறேன். இருபது விநாடி.
இருபத்தோராவதில் ஒரு குரல் வரும்:
"ஏய், கரண்டு போயிருச்சா?"
ஒருவர் ஃபியூஸைப் பார்க்க ஓடுவார்.
ஒருவர் ஜெனரேட்டரை உதைப்பார்.
ஒருமுறை மாப்பிள்ளையின் சித்தப்பா
ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்:
"நடுவுல ரெண்டு தடவ நின்னுச்சேம்மா."
துமிந்த விளக்கப் போனான். விடு என்றேன்.
நாளெல்லாம் தராசுக்கு முன் வரிசையில் நின்றவர்கள்
ராத்திரியிலும் காத்திருக்க
காசு வேறு கொடுப்பார்களா?

எல்லவில் காத்திருக்கத்தான் காசு.
சைடிரான்ஸ். பாட்டில்லை, பேச்சில்லை.
ஆறு நிமிடம் ஏற்றினாலும் வெள்ளைக்காரர்கள்
கண்ணை மூடி நிற்பார்கள்.

போன சனிக்கிழமை.
பனி மேசைவரை வந்திருந்தது.
நான் அடியை எடுத்தேன்.
அந்த நேரம் பார்த்து
மெய்யாகவே கரண்டு போனது.

துமிந்த ஜெனரேட்டருக்கு ஓடினான்.
தவளை. கீழே வளைவில் ஒரு பவுசர் கியர் மாற்றும் முனகல்.
வேறு ஒன்றுமில்லை.
ஒருவரும் கண் திறக்கவில்லை.
ஒரு நிமிடம், அசைந்துகொண்டே இருந்தார்கள்.
இரண்டாவதில்
ஒருத்தி அழத் தொடங்கினாள், சந்தோஷமாக.
என் விரல் செத்த பட்டனில்.
எதையோ பெரிதாகச் செய்பவள் போல
முகத்தை வைத்துக்கொண்டேன்.

மூன்றாவதில் சமையலறைக் கதவைத் தள்ளி
நோர்வூட் திவாகரன் வந்தான்,
முழங்கைவரை சோப்பு நுரை.
இருட்டைப் பார்த்துக் கத்தினான்:
"கரண்டு போயிருச்சே!"

தளம் வெடித்தது.
அத்தனை கைகளும் மேலே.
அந்தக் குரலுக்கென்றே மலையேறி வந்தவர்கள் மாதிரி
குதித்தார்கள், இசையே இல்லாமல்,
நூற்று நாற்பத்தைந்தில், ஒரு அடி பிசகாமல்.
ஜெனரேட்டர் பிடித்தபோது
நான்தான் அவர்களுக்குப் பொருத்தி
தாளத்தை உள்ளே விட வேண்டியிருந்தது.

விடியப் பக்கம் முதலாளி
பேசியதற்கு மேல் இரண்டாயிரம் வைத்தார்.
அந்த மௌனம் அருமை, அடுத்த சனியும் போடு,
அந்தக் குரலையும் சேர்த்து.
திவாகரனுக்கு எவ்வளவு என்றேன்.
சிரித்தார்.

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவனிடம்
ஐந்நூறு ரூபாய்த் தாளொன்றை நீட்டினேன்.
ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தான்.
"எதுக்கு அக்கா?"
"கத்துனதுக்கு."
"கரண்டு போனா
கத்தத்தானே செய்வோம்?"