நைதரசன் கூடிய எலும்பு

பொரளையில், மூன்றாம் மாடியில்,
ஐதான அமிலத்துக்குள் ஒரு விலா எலும்பு
பத்து நாளாய் ஊறுகிறது.
சுண்ணாம்பு கரைந்தால் மிஞ்சுவது வளையும்:
குழாயின் அடியில்
அவித்த கணவாய்த் துண்டு மாதிரி.
அதற்குள் இருக்கிறதாம் அவள் சாப்பாடு.

அவள் என்று சொல்வது சஹ்லாதான்.
பெட்டியில் இருப்பது
குழி நான்கு, எண் பதினேழு, வயது இருபதுக்கு மேல்.

அளக்கும் இயந்திரம் கடலுக்கு அப்பால்.
அரை மில்லிகிராமைத் தகரத் தாளில் மடித்துக்
கூரியரில் போட்டோம்.
என்ன பொருள் என்று படிவம் கேட்டது.
பழைய சோறு என்றா எழுதுவது?
'மாதிரி. பெறுமதி இல்லை.'

ஏழு கிழமைக்குப் பிறகு எண்கள் வந்தன.
காபன் காட்டைச் சொன்னது; கடல் வாடையே இல்லை.
நைதரசன் மட்டும்
கூடக் கிடந்த பதினாறு பேரையும் தாண்டி
மேலே நின்றது.

வேட்டையில் நல்ல பங்கு, என்றேன்.
இறைச்சியாய்த் தின்றிருக்கிறாள், மகராசி.

இன்னொரு வழியும் இருக்கு, என்றாள் சஹ்லா
குழாயைக் கழுவிக்கொண்டே.
ஒன்றும் கிடைக்காத மாதங்களில்
உடம்பு தன் தசையையே உரித்துத் தின்னும்.
அப்பவும் இந்த எண் ஏறும்.
விருந்தும் பட்டினியும்
இயந்திரத்துக்கு ஒரே ஏற்றம்தான்.

எது என்று எப்படிப் பிடிக்கிறது?

பல்லைப் படை படையாய்ச் சீவினால் ஓரளவு தெரியும்.
பதினேழுக்குப் பல் இல்லை.
விலா எலும்போ
கடைசிக் கொஞ்ச வருடத்தைத்தான் வைத்திருக்கும்.

கடைசிக் கொஞ்ச வருடம்.

பெற்றோலுக்கு வரிசை நின்ற அந்த ஆண்டு
மின்வெட்டில் குளிர்பெட்டி செத்து
மாதிரிகளுக்கு ஐஸ் தேடி ஓடினோம்.
மத்தியானத்தில் சஹ்லா மட்டும் மேசைக்கு வரமாட்டாள்.
திங்கள், வியாழன் நோன்பு என்றாள்.
பிறகு செவ்வாயும்.
பிறகு நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம்.
மெலிந்தது வடிவாய் இருக்கு என்று
நான்தான் சொன்னேன்,
படிக்கட்டில் வைத்து, சிரித்தபடி.

அறிக்கையில் ஒரு கட்டம்: உணவு.
'புரதம் மிகுந்தது' என்று தட்டினேன்.
அழித்தேன்.
கர்சர் துடித்துக்கொண்டு நிற்கிறது.

பன்னிரண்டரை.
சஹ்லா பெட்டியைத் திறக்கிறாள்:
பருப்பு, வல்லாரைச் சம்பல்,
கை அகலச் சூரைத் துண்டு ஒன்று.
முள்ளை ஒதுக்கி ஒதுக்கி
ஆறுதலாய்ச் சாப்பிடுகிறாள்.

நான் பார்க்காத மாதிரி
ஒவ்வொரு பிடியையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.