ஐந்தைத் தாண்டினால்

காவேரிப்பட்டணம். மாம்பழக்கூழ் ஆலை.
சீசன் வந்துவிட்டால்
என் கீபோர்டு வரைக்கும் பிசுபிசுக்கும்.

முதலாளி முனிரத்தினத்துக்குக் கம்பெனி முகவரி ஒன்று,
சொந்த முகவரி ஒன்று.
முதலாவதில் விழுவதெல்லாம் இரண்டாவதற்குப் போகவேண்டும்.
போயிற்று.
லாட்டரி போயிற்று, முடி வளரும் தைலம் போயிற்று,
செத்துப்போன தளபதியின் விதவையும்
பெட்டி நிறையத் தங்கத்தோடு போனாள்.

எழுதியவன் யார் என்று
அந்தப் பக்கத்துப் பெரிய கம்பெனி பார்ப்பதில்லை.
கடைசியாகக் கொண்டுவந்து நீட்டிய கைதான்
அதற்குத் திருட்டுக் கை.
மே பதினாறு மதியம்
உங்கள் மெயில் எதுவும் வேண்டாம் என்றுவிட்டது.
விலைப்பட்டியல் திரும்பி வந்தது.
கப்பல் ரசீது திரும்பி வந்தது.
முனிரத்தினம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.
ஒன்றும் பேசவில்லை. அதுதான் மோசம்.

கைமாற்றிவிட்டபின் கழித்துப் பயனில்லை.
வாசலிலேயே மறுக்கவேண்டும்.
இரவெல்லாம் விதி எழுதினேன்.
முழுக்கப் பெரிய எழுத்தா, ஒன்றரைப் புள்ளி.
'அன்பு நண்பரே'வுக்கு ஒன்று.
பணத்துக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று.
பெயரும் முகவரியும் ஒத்துப்போகவில்லையா, இரண்டு.
ஐந்தைத் தாண்டினால் கதவு திறக்காது.

கீழே பெல்ட்டில் பெங்களூரா ஓடிக்கொண்டிருந்தது.
கெம்பம்மா காம்படியில் கட்டைவிரலால் ஒரு அழுத்து,
பொன்னாய் மின்னிய ஒன்றைக் கூடையில் எறிந்தாள்.
எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.
எனக்கு ஏதோ பெரிய பதில் தேவைப்பட்டது.
"மேல ஆபீஸ்லதான இருக்கீங்க,
கூலி ஏத்துவாங்களா மாட்டாங்களா?" என்றாள்.

முதல் வாரம் மட்டும்
மறுத்தவற்றுக்கு நகல் வைத்திருந்தேன்.
நாலாம் நாள் கிளறினேன்.
ஆறரைப் புள்ளி:
அன்பு நண்பரே, அவசரம், பணம் அனுப்புகிறேன்,
வங்கி எண் மட்டும் சொல்லுங்கள்.
எல்லாம் பெரிய எழுத்து.
ஏடன் துறைமுகம், வாசே.
போன வருடம் நாற்பது டன் வாங்கிய ஆள்.
மருமகன் முகவரியிலிருந்துதான் எழுதுவான்,
இப்படித்தான் கத்துவான்,
சொன்ன தேதியில் பணம் வந்துவிடும்.
நான்கு நாளில் நான்கு முறை தட்டியிருக்கிறான்,
ஒவ்வொரு முறையும்
ஒரு ஆச்சரியக்குறி கூடுதலாக.

அவனுக்கென்று ஒரே ஒரு வரி எழுதினேன்:
இவனை எண்ணாதே.
முனிரத்தினத்திடம் சொல்லவில்லை.

அன்றிரவு தளபதியின் விதவை மறுபடி வந்தாள்.
அன்பு நண்பரே, அவசரம், பணம், யாருடையதோ முகவரி.
இந்தமுறை கத்தவில்லை,
சின்ன எழுத்தில், மரியாதையாக.
சரியாக ஐந்து.
தாண்டவில்லை.