இடது கன்னம்

பருவத்தில் வராத பரு
ஐம்பத்தெட்டில் வந்தது.
மருந்து ஏறிய ஒன்பதாம் நாள்
மூக்கோரம் கடுகு தெறித்தாற்போல் தொடங்கி
நெற்றி, தாடை, மார்பு என்று
கேட்காமல் குடியேறியது.

தார்த்து நகரத்தில் பேருந்து ஓட்டியவள் நான்.
இப்போது பயணி.
பின்னிருக்கையில் முகமெல்லாம் பருவான பையன் ஒருவன்
என்னைப் பார்த்துத் தலையசைத்தான்,
வெளிநாட்டில் சொந்த ஊர்க்காரியைக் கண்டதுபோல்.

சனிக்கிழமை நீராவி அறையில்
யூல்லே எதுவும் கேட்கவில்லை.
ஒட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.
மரப்பலகையில் ஒரு சாண் நகர்ந்தாள்.
நாற்பது வருடம் ஒன்றாக வியர்த்தவர்கள் நாங்கள்.

டாக்டர் பிரெத் மட்டும் சிரித்தார்.
நல்ல அறிகுறி, என்றார்.
மருந்து பிடிக்கிறவர்களுக்குத்தான்
பெரும்பாலும் இப்படிப் பொரியும்.
'பெரும்பாலும்' என்பதை
அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பிறகு வெயில் கூடாது என்றார்கள்.
ஜூன் மாதத்தில்.
அரையாண்டு இருட்டைக் கடந்த ஊர்
ஆற்றங்கரையில் சட்டை கழற்றிக் கிடக்க,
இரவு பதினொன்றுக்கும் அணையாத வெளிச்சத்தில்
தொப்பிக்குள் நான்,
திருடியதை மறைத்து நடப்பவள்போல.

பக்கத்து நாற்காலியில் ஸினோவி.
பெய்ப்சி ஏரிக்கரை வெங்காயக்காரர்.
அவருக்கு என் மொழி பாதி, எனக்கு அவர் ரஷ்யன் கால்.
அதே மருந்து, அதே பை, அதே சொட்டு.
முகம் மட்டும்
கழுவித் துடைத்த தட்டு.

வருகிறவர் எல்லாம் சொல்வார்கள்:
ஆள் தேறிவிட்டீர்களே, என்ன பளபளப்பு!
ஒவ்வொரு முறையும் அவர்
சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எனக்குக் கொஞ்சம் தாருங்களேன் என்றார் ஒருநாள்,
அடுத்த வீட்டில் உப்பு கேட்கிற குரலில்.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தாடிக்குள் ஒளிந்திருக்கலாம் என்று நினைத்தார்.
அவர்கள் வழக்கத்தில் தாடி மழிப்பதில்லை.
நர்ஸ் மெரிகே கையுறை போட்டு
பேன் பார்ப்பதுபோல் முடியை விலக்கி விலக்கி
காதிலிருந்து காது வரை தேடினாள்.
வெள்ளைத் தோல். ஒரு பழைய தழும்பு,
அதுவும் ஆட்டுக்கடாவின் கொடை.

அடுத்த முறை வந்தபோது சிவந்திருந்தார்.
நெற்றி, மூக்கு, இரண்டு கைகள்,
பூண்டோடு பிடுங்கிய பீட்ரூட் நிறம்.
வாசலிலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார்:
வந்துவிட்டது!

மெரிகே விரலை வைத்து அழுத்தினாள்.
வெளுத்தது. திரும்பச் சிவந்தது.
ஸினோவி, என்றாள் மெதுவாக,
இது வெயில்.

மூன்று நாள் தொப்பியில்லாமல்
வெங்காயப் பாத்தியில் நின்றிருக்கிறார்.
உரிக்கிற தோலையே பிழைப்பாகக் கொண்டவர்
தன் தோலிடம் பிச்சை கேட்டு.

அன்று சொட்டு இறங்கும்வரை யாரும் பேசவில்லை.
முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து,
தொடலாமா என்றார்.
புருஷனுக்குக்கூடக் காட்டக் கூசிய கன்னத்தைத்
திருப்பிக் கொடுத்தேன்.
இரண்டு விரல். கண்ணை மூடிக்கொண்டார்.
விதைக்கு முன் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார்களே,
அப்படி.

போகும்போது என் பையில்
ஒரு வெங்காயச் சரம் இருந்தது.
அதன் அடியில்,
மூடி திறக்காத களிம்புக் குழாய்கள் மூன்று.

ஆமாம், நான் பூசவில்லை.
பொரி அடங்கினால்
உள்ளே நடக்கும் வேலையும் அடங்கிவிடுமோ என்று.
மெரிகே கண்டுபிடித்துத் திட்டினாள்:
களிம்பு தோலோடு பேசும்,
மருந்துக்கு அது காதில் விழாது.
சரி என்றேன். நம்பவும் செய்தேன்,
பெரும்பாலும்.

இரவு, இருட்டாத இரவு,
கண்ணாடி முன் நின்று
வலது கன்னத்தில் தடவினேன். குளிர்ந்தது.
அழுகை வரும் அளவுக்குச் சுகம்.

இடது கன்னத்தை
அப்படியே விட்டுவைத்தேன்.
அடுத்த செவ்வாய் அவர் கேட்டால்
காட்ட வேண்டுமே.